இலவசச் செயலியும் இரண்டாம் வேற்றுமையும்

செலவின்றிக் கிடைக்கும் பொருளை நம்மவர் இருவகையாக நோக்குவர். இனாமாக வந்ததென்று தலைமேற் கொள்வாருமுளர். இனாமென்றாலே அதனுள் ஏதோ சூழ்ச்சி உண்டென்று ஐயுறுவாருமுளர். கைத்தொலைபேசியின் வழியாக இலவசமாக மொழி கற்பிக்கும் செயலிகளைப் பற்றிப் பேசும்போதும் இவ்விரு கட்சியினரையும் காண்கிறோம். ஒரு சாரார், இனி ஆசிரியனும் வேண்டா, இலக்கண நூலும் வேண்டா என்பர். மறுசாரார், அது வெறும் விளையாட்டு. அதனால் எவரும் எம்மொழியும் கற்றதில்லை என்பர். இரண்டும் மிகைக்கூற்றுகளே. அத்தகைய செயலியொன்றுடன் ஓராண்டுக்கு மேலாகப் பழகியவன் என்ற முறையில், இவ்வழக்கில் அதிகம் கேட்கப்படாத வினாவொன்றை எழுப்ப விரும்புகிறேன். செயலி என்ன கற்பிக்கிறது, எவ்வளவு கற்பிக்கிறது என்பன ஒருபுறம் இருக்கட்டும். அது எந்த மொழியில் நின்றுகொண்டு கற்பிக்கிறது?

இவ்வினா ஏட்டிலிருந்து எழுந்ததன்று. என் தமக்கையின் மகளுக்கு 2021ஆம் ஆண்டில் பதிவுத் திருமணம் நடந்தேறியது. மணமகன் ஜேர்மனியில் வாழ்பவர். 1980களில் கிழக்குப் பேர்லின் வழியாக மேற்குப் பேர்லினுட் புகுந்து, பின்னர் அந்நாட்டின் பல நகரங்களிலும் நிலைபெற்ற நம்மவரின் பிள்ளைகள் இன்று அந்நாட்டு மொழியையே தம் முதன்மொழிபோற் பேசுகின்றனர். அத்தகைய குடும்பமொன்றின் மகன் அவர். திருமணம் முடிந்தவுடன் பெண் புறப்பட்டுவிடலாம் என்று தமக்கை எண்ணியிருந்தார். அது அவ்வளவு எளிதன்று. 2007 ஓகஸ்ட் முதல், அந்நாட்டிலுள்ள கணவனுடனோ மனைவியுடனோ சென்று சேர விரும்புவோர், சில விலக்குகள் தவிர, புறப்படுமுன்னரே ஜேர்மன் மொழியில் அடிப்படை அறிவு தமக்குண்டென்று காட்டுதல் வேண்டும். ஐரோப்பிய மொழித்தர அளவீட்டில் ‘ஏ1’ எனப்படும் முதற்படி அது. நம் ஊர்களில் இப்போது ‘ஏ வண் எடுத்தாச்சோ?’ என்பது, ‘பொருத்தம் பார்த்தாச்சோ?’ என்பதைப்போலக் கலியாணவீட்டு வினாக்களுள் ஒன்றாகிவிட்டது.

மருமகள் வன்னியில் வளர்ந்தவள். ஐந்தாம் ஆறாம் வகுப்புகளை இடப்பெயர்வுக்குள்ளும் முகாமுக்குள்ளும் கழித்த தலைமுறை அவளுடையது. தமிழும் கணிதமும் எப்படியோ தப்பின, ஆங்கிலம் தப்பவில்லை. பெருந்தொற்றுக் காலமாகையால் வகுப்புகள் முடங்கியிருந்தன. கொழும்புக்குச் சென்று தங்கிக் கற்பதற்குப் பணமும் இல்லை. அவ்வேளையிலேதான், இலவசமாக ஜேர்மன் கற்பிக்கும் செயலியொன்றைக் கணவர் அவளுடைய தொலைபேசியில் இறக்கிக்கொள்ளச் செய்தார். அதன் பெயர் இங்கு வேண்டியதில்லை. ஒரு கிழமை கழித்து அவள் என்னிடம் வந்து சொன்னது இன்றும் என் செவியில் நிற்கிறது. “மாமா, இங்கிலிசே வடிவாத் தெரியாத என்னை இது இங்கிலிசால ஜேர்மன் படிக்கச் சொல்லுது. முதல்ல எதைப் படிக்கிறது?” அவளுக்குத் துணையாக நானும் அச்செயலியை இறக்கிக்கொண்டேன். ஜேர்மன் மொழியில் எனக்கும் அன்று ஓரெழுத்தும் தெரியாது.

செயலிக்குரிய நியாயத்தை முதலிற் கூறிவிட வேண்டும். மறதியோடு போராடுவதில் அதற்கு நிகரான ஆசிரியனை நான் கண்டதில்லை. அதன் அடிப்படையான அறிவும் ஜேர்மன் மொழியிலேயே பிறந்தது என்பது சுவையான செய்தி. ஹேர்மன் எபிங்ஹவுஸ் என்ற அறிஞர் பொருளற்ற அசைகளைத் தாமே மனனஞ் செய்து, எவ்வளவு காலத்தில் எவ்வளவு மறந்துபோகிறதென்று அளந்து 1885இல் நூலாக வெளியிட்டார். கற்றது முதலில் விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் மறைகிறதென்பதும், இடைவெளி விட்டுத் திரும்பக் கற்றால் நெடுநாள் நிற்கிறதென்பதும் அவர் கண்டவை. செபஸ்தியன் லைட்னர் என்பவர் 1972இல் வெளியிட்ட நூலொன்றில் இதனை வீட்டுமுறையாக்கினார். சொல் எழுதிய அட்டைகளைப் பல அறைகள் கொண்ட பெட்டியில் இடுவது. விடை சரியாயின் அட்டை அடுத்த அறைக்குப் போகும், பிழையாயின் முதலறைக்குத் திரும்பும். பின்னறையில் உள்ளதை அரிதாகவும் முன்னறையில் உள்ளதை அடிக்கடியும் பார்ப்பது. இன்றைய செயலி அப்பெட்டியைக் கணிப்பொறியிடம் ஒப்படைத்திருக்கிறது. எந்தச் சொல்லை நாம் எப்போது மறக்கப்போகிறோமென்று கணித்து, மறக்கும் தறுவாயில் அதனைக் கொண்டுவந்து நீட்டுகிறது. மருமகள் நான்கு மாதத்தில் நூற்றுக்கணக்கான சொற்களைத் தன்வசமாக்கினாள். பாய் விரிக்குமுன் ஒரு பாடம், அடுப்பில் உலை கொதிக்கும்போது ஒரு பாடம். அதைக் குறைகூற எனக்கு நாவில்லை.

இடைவிடாத நாட்களைக் கணக்கிட்டுக் காட்டும் ஏற்பாடு வேறு கதை. ஒரு நாள் தவறினாற் கணக்கு பூச்சியமாகிவிடும். 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் தடைப்பட்டதை நாம் மறக்கவில்லை. அந்நாட்களில் அவள் தொலைபேசிக்கு மின்னேற்றவும், அலைவரிசை கிடைக்கும் இடத்தைத் தேடவும் பட்ட பாடு, கற்பதற்காகப் பட்டதா, கணக்கைக் காப்பதற்காகப் பட்டதா என்று நான் ஐயுற்றதுண்டு. இலவசமென்பதும் சொல்லளவில்தான், ‘டேட்டா’வுக்குக் காசு நாம்தான் கொடுக்கிறோம். பாடத்துக்கு ஒரு பங்கு, இடையில் வரும் விளம்பரத்துக்கு ஒரு பங்கு.

இவ்வகைச் செயலிகளுள் உலகெங்கும் பெயர்பெற்றதாகிய டுவோலிங்கோவின் வரலாறு இவ்விடத்து அறியத்தக்கது. குவாத்தமாலாவிற் பிறந்த லூயிஸ் வொன் ஆன் என்பவரும் அவருடைய மாணவராகிய செவெரின் ஹாக்கரும், அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய முயற்சி அது. 2012இற் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. கற்பவர் பயிற்சியாகச் செய்யும் மொழிபெயர்ப்புகளை நிறுவனங்களுக்கு விற்று, அதனாற் கல்வியை இலவசமாக்குவது என்பதே முதலில் வகுத்த வழி. 2013இற் சீ.என்.என்., பஸ்ஃபீட் ஆகிய நிறுவனங்களுடன் அத்தகைய உடன்பாடும் செய்யப்பட்டது. மாணவன் விறகு வெட்டிக் குருவின் வீட்டடுப்பு எரிந்த காலத்தை அது நினைவூட்டும். பின்னர் அவ்வழி கைவிடப்பட்டு, விளம்பரமும் சந்தாவும் வருவாயாயின. 2021 யூலையில் நிறுவனம் பங்குச் சந்தையிற் பட்டியலிடப்பட்டது. விறகுவெட்டு நின்றுவிட்டது; இப்போது நாம் கொடுப்பது நம் கவனத்தை. இதில் வஞ்சகம் ஒன்றுமில்லை. சந்தை எங்கே பெரிதோ அங்கே கடை வைப்பது வணிகரின் இயல்பு. ஆங்கிலமறிந்து ஜேர்மன் கற்க விழைவோர் தொகை பெரிது. தமிழ் மாத்திரம் அறிந்து ஜேர்மன் கற்க வேண்டியோர் தொகை சிறிது. ஆதலால் 2021இல் நாங்கள் கற்கத் தொடங்கியபோது எங்கள் செயலியில் ஜேர்மனுக்குச் செல்லும் வாயில் ஆங்கிலமாகவே இருந்தது.

அவ்வாயிலில் அவள் முதன்முதல் இடறிய இடம் ‘யூ’ என்ற சொல். செயலி ‘யூ’ என்று ஆங்கிலத்திற் காட்டும்; விடையாக ஒருமுறை ‘டூ’ என்பதை ஏற்கும், வேறொருமுறை ‘இயர்’ என்பதை வேண்டும், பிறிதொருமுறை ‘ஸீ’ என்பதைச் சரியென்று சொல்லும். காரணம் சொல்லாது. ஆங்கிலேயனுக்கு இது பெருஞ்சிக்கல். அவனுடைய மொழி இவ்வேறுபாட்டை இழந்து நெடுங்காலமாயிற்று. தமிழ்ப் பிள்ளைக்கு இதிற் சிக்கலென்ன? ‘டூ’ என்பது நீ. ‘ஸீ’ என்பது மரியாதைக்குரிய நீங்கள். ‘இயர்’ என்பது பலரைச் சுட்டும் நீங்கள். அதுமட்டுமன்று, ஜேர்மன் மரியாதைச் சொல் பன்மை வினையைக் கொள்கிறது. பலர்பாலாகிய ‘அவர்’ என்பதை ஒருவர்க்கே மரியாதையாக வழங்கும் நமக்கு இதிற் புதுமையில்லை. யாழ்ப்பாணத்தார் நீக்கும் நீங்களுக்கும் இடையில் ‘நீர்’ என்றொரு படியும் வைத்திருக்கின்றனர். அதற்கு ஈடாக ஜேர்மானியரிடம் ஒன்றுமில்லை. நான் இதனைச் சொன்னதும் அவள் சிரித்துவிட்டாள். “இவ்வளவுதானோ மாமா? இதுக்கோ நான் மூண்டு நாளாக் குழம்பினனான்?”

அன்றிரவு பழைய குறிப்பேடொன்றை எடுத்து, முதற்பக்கத்தில் ‘டூ – நீ’ என்று எழுதினேன். ஆங்கிலம் அக்குறிப்பேட்டில் இடம்பெறலாகாது என்பது எங்கள் இருவருக்கும் இடையிலான ஒப்பந்தம்.

இரண்டாவது இடறல் இதனினும் பெரிது. ஜேர்மன் மொழியிற் பெயருக்கு முன்வரும் சுட்டுச்சொல் ‘டெர்’ என்றும் ‘டீ’ என்றும் ‘டாஸ்’ என்றும் மூன்று பாலாக நிற்கும். ‘டெர்’ என்பது சிலவேளைகளில் ‘டென்’ ஆகும். பிறிதொருபோது ‘டெம்’ ஆகும். ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் ‘த’ ஒன்றே. ஆகவே செயலி காட்டும் ஆங்கில வாக்கியத்தில் இம்மாற்றத்துக்கான அடையாளமே இராது. அவள் ‘டெர்’ என்று இடுவாள். சிவப்புக் கோடு விழும். மனப்பாடத்தால் வெல்லலாமென்று சில நாள் முயன்றாள், முடியவில்லை.

“வேற்றுமை படிச்சனீரோ பிள்ளை, சாதாரணதரத்துக்கு?” என்று கேட்டேன். எட்டையும் உருபோடு ஒப்புவித்தாள். அவளுடைய கல்வியில் உருக்குலையாமல் நின்ற பகுதி அது. “இவையளுக்கு எட்டு இல்லை, நாலுதான்” என்றேன். ‘டெர் மான் ஸீயெட் டென் ஹுண்ட்’ என்பது மனிதன் நாயைப் பார்க்கிறான் என்று பொருள்படும். மனிதன் எழுவாய், ஆதலால் ‘டெர்’. நாய் செயப்படுபொருள், ஆதலால் ‘டென்’. நாம் ‘ஐ’ உருபைப் பெயரின் வாலிற் கட்டுகிறோம். அவர்கள் அதனைப் பெயரின் தலையிற் கட்டுகிறார்கள். ‘டெம்’ என்பது நான்காம் வேற்றுமைப் பொருளைத் தரும், நாய்க்கு என்பதுபோல. வேறுபாடுகளும் உண்டு: நம் ‘ஐ’ எப்பாலுக்கும் வரும், அவர்களுடைய மாற்றம் இரண்டாம் வேற்றுமையில் ஆண்பால் ஒருமைக்கு மட்டுமே தோன்றும். எனினும் வாயில் திறந்துவிட்டது. அவளாகவே அடுத்த கேள்வியைக் கேட்டாள்: அப்படியானால் நாயை மனிதன் பார்க்கிறான் என்று மாற்றிப் போடலாமோ? போடலாம், ‘டென் ஹுண்ட் ஸீயெட் டெர் மான்’ என்றாலும் பார்ப்பவன் மனிதனே. ஆங்கிலத்திற் சொற்களை இப்படி இடம் மாற்றினால் நாய் மனிதனைப் பார்த்துவிடும். உருபு உள்ள மொழிக்குரிய இவ்வுரிமையை, அவள் ஆங்கிலத்தின் வழியே தேடியிருந்தால் எத்தனை மாதம் கழித்துக் கண்டிருப்பாளோ அறியேன்.

அதன்பின்னர்க் குறிப்பேடு விரைவாக வளர்ந்தது. எனக்குக் குளிர்கிறது என்பதை ‘மியர் இஸ்ட் கால்ட்’ என்கிறது ஜேர்மன்; ‘மியர்’ என்பது எனக்கு. எனக்கு அந்தப் புத்தகம் பிடிக்கிறது என்பது ‘மியர் கெஃபெல்ட் டாஸ் பூஹ்’. ஆங்கிலன் இங்கெல்லாம் ‘நான்’ என்று தன்னை முன்னிறுத்துவான். புத்தகத்தை விரும்புபவன் அவனே. ஜேர்மானியனும் தமிழனும் புத்தகத்தை எழுவாயாக்கிவிட்டுத் தம்மை நான்காம் வேற்றுமையில் ஒதுக்கிக்கொள்கின்றனர். எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது, ‘மியர் டூட் டெர் கொப்ஃப் வே’ என்ற தொடர். எனக்குத் தலை நோகிறது. சொல்லுக்குச் சொல் வைத்துப் பார்த்தாலும் அதே அமைப்பு. ஆங்கிலவழி கற்பவர்க்குப் புறநடையாகச் சொல்லப்படும் இத்தொடர்களை அவள் ஒருமுறை கேட்டதுடன் கொண்டாள்.

வினையின் இடமும் அவ்வாறே. ஜேர்மன் தனிவாக்கியத்தில் வினை இரண்டாம் இடத்தில் நிற்பது உண்மை. அது நமக்கு அயலான வழக்கு. ஆனால் ‘வேண்டும்’, ‘முடியும்’ என்பன போன்ற துணைவினை வருமிடத்து, முதன்மை வினை வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும். ‘ஐன் கிளாஸ் வாஸர் டிரிங்கென்’ என்பது ஒரு கிளாஸ் தண்ணீர் குடிக்க என்ற வரிசையிலேயே நிற்கும். சார்பு வாக்கியங்களில் இது இன்னுந் தெளிவு. அவன் நாளை வருகிறான் என்று தெரியும் என்பதில் உள்ள ‘அவன் நாளை வருகிறான்’ என்ற பகுதி, ஜேர்மன் சார்புத் தொடரில் ‘எர் மோர்கன் கொம்ட்’ என்று அதே ஒழுங்கில் வரும். வினை கடைசியில் வருமட்டும் காத்திருக்க வேண்டியிருக்கிறதே என்று ஆங்கிலேயரும் அமெரிக்கரும் ஜேர்மனைப் பழித்திருக்கின்றனர். மார்க் டுவெய்ன் 1880இல் வெளியிட்ட நகைச்சுவைக் கட்டுரையில் இதுவும் ஒரு முறைப்பாடு. வாழ்நாள் முழுவதும் வினைமுற்றுக்காகக் காத்திருந்து பழகியவர்கள் நாம். நமக்கு அது குறையாகத் தோன்றாது.

அதே கட்டுரையில் டுவெய்ன், ஜேர்மன் மொழியிற் பெண்பிள்ளைக்குப் பாலில்லை என்று நகையாடுகிறார். உண்மைதான்; ‘மெட்ஷன்’ என்ற சொல் ‘டாஸ்’ என்னும் அலிப்பாற் சுட்டைக் கொள்ளும்; பிள்ளையைக் குறிக்கும் ‘கிண்ட்’ என்பதும் அப்படியே. இதைக் கண்டு மருமகள் திகைக்கவில்லை. ‘குழந்தை அழுகிறது’ என்று அஃறிணை முடிபு கொடுப்பவர்களுக்கு இதில் என்ன திகைப்பு? ஆனால் கரண்டி ஆண், முள்ளுக்கரண்டி பெண், கத்தி இரண்டுமன்று என்ற இடத்திற் தமிழ் கைவிட்டுவிட்டது. திணையும் பாலும் பொருளை நோக்கி அமையும் மொழியிலிருந்து செல்பவர்க்கு, சொல்லை நோக்கி அமையும் பால் வெறும் மனன வேலையே. அங்கே செயலியின் பெட்டிதான் துணை. அம்மூன்றையும் உண்ணும்போது தட்டின் ஓரத்தில் வைத்து ஒப்புவித்தாள்.

ஒலியிலும் தமிழ் ஓரளவு கைகொடுத்தது. ‘ஷ்டட்’ என்றால் நகரம். ‘ஷ்டாட்’ என்றால் அரசு. குறிலும் நெடிலும் பொருளை மாற்றும் என்பதைப் ‘படம்’, ‘பாடம்’ என்று அரிவரியிலேயே கற்றவளுக்கு இது ஒரு நிமிடப் பாடம். இதழைக் குவித்து இகரத்தைச் சொல்வதுபோன்ற அவர்களுடைய உயிரொலிகள் நமக்கில்லை. அவற்றை எழுதிக்காட்டத் தமிழெழுத்தும் போதாது. குறிப்பேட்டில் அவ்விடத்தை வெறுமையாக விட்டு, கேட்டுப் பழகும்படி செயலியிடம் அனுப்பினேன்.

இனி, ஆங்கிலத்துக்கும் நீதி செய்ய வேண்டும். ஜேர்மனும் ஆங்கிலமும் ஒரு தாய் மக்கள். தண்ணீர் ‘வாஸர்’, வீடு ‘ஹவுஸ்’, புத்தகம் ‘பூஹ்’ என்று சொற்களிற் பாதி உறவு முகங்காட்டும். அவள் கற்ற சொற்ப ஆங்கிலமும் அவ்வகையிற் பயன்பட்டது. தமிழுக்கும் ஜேர்மனுக்கும் இனவுறவு ஏதும் இல்லை. சில அமைப்புகள் ஒத்திருப்பது கொண்டு அவ்வாறு சாதிக்கப் புகுவது அறிவுடைமையன்று. எண்ணும்போதோ இரண்டு மொழியுமே உதவா. இருபத்தொன்றை ‘ஒன்றும் இருபதும்’ என்று தலைகீழாகச் சொல்வார்கள். ‘ஹல்ப் ட்ரை’, அதாவது அரை மூன்று, என்றால் மணி இரண்டரை. கேட்டல் தேர்வில் தொலைபேசி இலக்கமும் நேரமும் வினாவாக வருமாதலால், இரண்டு கிழமை வீட்டில் எல்லோரும் மணியை ஜேர்மானிய முறையிலேயே கேட்கும்படியாயிற்று. தமக்கை ஒரு நாள் கோயிலுக்குப் பிந்திப் போனார்.

தமிழும் ஜேர்மனும் நேருக்கு நேர் சந்தித்த வரலாறு புதியதன்று. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க் என்ற ஜேர்மானியப் பாதிரியார், சிறுவர்களோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். அவருக்கும் ஒரு சுற்றுவழி தேவைப்பட்டது: அக்காலக் கடற்கரைகளிற் பொதுமொழியாக வழங்கிய போர்த்துக்கேயம், அம்மொழியும் வேறு ஐரோப்பிய மொழிகளும் அறிந்த தமிழரொருவர் அவருக்கு உதவினார். ஆயினும் பத்தாண்டு கழித்து, 1716இல், ஹாலே நகரில் அவர் அச்சிட்ட தமிழிலக்கணம் போர்த்துக்கேயத்தில் அமையவில்லை. தம்மவர் பள்ளியிற் பயின்ற இலத்தீனில், இலத்தீன் வேற்றுமை அட்டவணைக்குள் தமிழை நிறுத்திக் காட்டியது. தமிழுக்கு அச்சட்டம் முழுதும் பொருந்தாதென்பது வேறு. கற்பவன் ஏற்கெனவே அறிந்த இலக்கணத்திலிருந்து தொடங்கவேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கார்ல் கிரவுல் 1856இல் திருக்குறளை ஜேர்மனில் வெளியிட்டமைக்குப் பின்னணியில் இத்தகைய நூற்றைம்பது ஆண்டு உழைப்பு இருந்தது. அவர்கள் நம்மிடம் வந்த வழியை நாம் அறிவோம். நாம் அவர்களிடம் செல்லும் வழியை யார் எழுதினார்? நூற்றுக்கணக்கில் நம் பெண்களும் ஆண்களும் எழுதும் தேர்வாயிருந்தும், அவள் கைக்கு எட்டியவை ஆங்கிலவழிப் பாடங்களும், சொல்லுக்குச் சொல் பொருள் தரும் சிறு கைநூல்களுமே. ‘டென்’ என்பது இரண்டாம் வேற்றுமை என்று அவற்றுள் எதுவும் சொல்லவில்லை.

இக்குறை, பாடத்தைத் தமிழில் மொழிபெயர்த்துவிட்டாற் தீருமா என்பது ஐயமே. 2025 ஏப்ரலில் டுவோலிங்கோ நிறுவனம் செயற்கை நுண்ணறிவின் துணைகொண்டு 148 பாடநெறிகளை ஒருங்கே வெளியிட்டது. ஒரே அடிப்பாடத்தை அமைத்து, அதனைக் கற்போரின் பல மொழிகளுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும் முறை அது. வேலை விரைவாக முடியும் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆங்கிலேயன் இடறும் இடத்தை எண்ணி அமைத்த பாடம் தமிழெழுத்தில் வந்தாலும், நாம் இடறாத இடத்தில் நம்மை நிறுத்தி வைத்து, நாம் இடறும் இடத்தைக் கடந்து போய்விடக்கூடும். வேற்றுமையை நன்கறிந்த ஒருத்திக்கு வேற்றுமை என்றால் என்னவென்று ஒரு மாதம் படங்காட்டுவதும், கரண்டியின் பாலுக்கு ஒரே நாள் ஒதுக்குவதும் அவ்வாறான பாடமே.

பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மற்றொன்றும் கண்ணிற் பட்டது. திரைப்படத் தொடருக்காக ஆக்கப்பட்ட கிளிங்கொன் மொழிக்கு 2018இலும், தொலைக்காட்சித் தொடருக்காக ஆக்கப்பட்ட ஹை வலீரியன் மொழிக்கு 2017இலும் டுவோலிங்கோவிற் பாடங்கள் தொடங்கப்பட்டன. ஆர்வலர்கள் ஊதியமின்றி எழுதியவை. நான் தேடியபோது அங்கே சிங்களம் இல்லை; கற்கும் மொழியாகத் தமிழும் இல்லை. இல்லாத உலகத்து மொழிகளுக்கு ஆர்வலர் கிடைத்தனர். அருகருகே வாழும் இரு மொழிகளுக்குக் கிடைக்கவில்லை. சிங்களத்தைத் தமிழ்வழி கற்பிக்கும் அச்சு நூல்கள் நம்மிடம் உண்டு என்பது ஆறுதலே. ஆயினும் பல்கலைக்கழகத்துள் நான் காணும் மாணவர் பலர் சிங்கள நண்பருடன் ஆங்கிலத்திலேயே பேசிக்கொள்கின்றனர். இருவருக்கும் அரைகுறையாகத் தெரிந்த மூன்றாம் மொழி. ‘மட்ட படகினியி’ என்றால் எனக்குப் பசி. ‘மட்ட சிங்ஹல தேரெனவா’ என்றால் எனக்குச் சிங்களம் விளங்குகிறது. ‘மம ஹெட்ட கெதர யனவா’ என்றால் நான் நாளை வீட்டுக்குப் போகிறேன். சொல்லை எடுத்துவிட்டுச் சொல்லை வைத்தாற் போதும், வாக்கியம் அசையாது. ஜேர்மனில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கண்டு நாங்கள் மகிழ்ந்த ஒற்றுமை, இங்கே வாசற்படியிலிருந்தே தொடங்குகிறது. மகாவம்சத்தை வில்ஹெல்ம் கைகர் பாளியிலிருந்து ஜேர்மனில் பெயர்க்க, அதனை மேபல் போட் அம்மையார் ஆங்கிலமாக்க, 1912இல் வெளிவந்த அந்நூலைத்தான் நம்மிற் பலர் மேற்கோள் காட்டுகிறோம். சுற்றுவழி நமக்குப் புதிதல்ல.

மருமகள் 2022இன் பிற்பகுதியிற் கொழும்புக்குச் சென்று தேர்வெழுதினாள். நூற்றுக்கு அறுபது புள்ளி வேண்டும்; கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள். பேசும் தேர்வுக்குச் செயலி அவளை ஆயத்தஞ் செய்திருக்கவில்லை. அதிற் சொற்கட்டைகளைத் தட்டி அடுக்கியே பழகியவள். வாயாற் சொல்லும்போது அடுக்குவதற்குக் கட்டைகள் இல்லை. அதனால் கடைசி இரண்டு மாதமும் ஒவ்வொரு மாலையும் முற்றத்தில் இருவரும் கதிரைகளை எதிரெதிரே போட்டுக்கொண்டு, பெயர், வயது, நாடு, ஊர், மொழிகள், தொழில், பொழுதுபோக்கு என்று ஒருவரையொருவர் விசாரித்தோம். என் உச்சரிப்பைக் கேட்டு அவள் பலமுறை சிரித்தாள். மொழிகள் என்ற வினாவுக்கு விடையாக முதலில் ‘தமிழ், கொஞ்சம் ஆங்கிலம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தவள், தேர்வுக்கு ஒரு கிழமை இருக்கையில் ‘தமிழ், கொஞ்சம் ஜேர்மன்’ என்று தானே மாற்றிக்கொண்டாள். ஆங்கிலத்தை ஏன் விட்டாய் என்று நான் கேட்கவில்லை. எழுபத்தெட்டுப் புள்ளிகள் பெற்றாள். அடுத்த ஆண்டு புறப்பட்டுச் சென்றாள்.

குறிப்பேட்டை அவள் கொண்டுபோகவில்லை. அயலில் இன்னொரு பெண் ஏ1 எழுதவிருந்தாள், அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். அவளிடமிருந்து அது வேறொருத்தியிடம் போயிற்று. மட்டை கிழிந்து, பழுப்புத்தாளில் உறை போடப்பட்டுச் சென்ற மாதம் என்னிடம் ஒரு நாள் திரும்பி வந்தது. ‘வியர் – நாங்கள்’ என்று நான் எழுதியிருந்த வரியின் ஓரத்தில், எனக்குப் பழக்கமில்லாத கையெழுத்தில், பென்சிலால் ஒரு வினா இருந்தது: “நாங்கள் என்றால் சரி. கேட்கிறவரையும் சேர்த்து நாம் என்று சொல்ல என்ன சொல்?” ஜேர்மனில் அதற்கு வேறு சொல் இல்லை, இரண்டுக்கும் ‘வியர்’தான். அதைக் கீழே எழுதி, குறிப்பேட்டைத் திருப்பி அனுப்பினேன்.